இரண்டு அட்டைக்கும் ஒரே நைனா

என் பெயர் பிரேமலதா, வயது 31, க/பெ சீனு. சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்து, பக்கத்துச் செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்துவருகிறேன். பிறந்த ஊர் ஆந்திராவில் ராமகுப்பம் பக்கம். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆகவே இந்தத் திருப்பதி போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஏட்டு நாகபூஷணம் நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

என் நைனா (தகப்பனார்) பாலையா, ஊரில் என் தம்பி பிரவீனோடு இருக்கிறார். தம்பி பட்டுப்புழு வளர்க்கிறான். அவன் வீட்டு ரேஷன் அட்டையில் நைனா பெயர் இருப்பதால் ஆந்திர அரசின் ஆரோக்கியஸ்ரீ காப்பீடு அவருக்கு உண்டு. எனக்குத் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அந்த அட்டையிலும், என் சம்பளத்தை நம்பி இருப்பவர் என்று நைனா பெயரைச் சேர்த்தேன். அதற்குக் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, என் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் நின்றார். இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

இன்று காலை நைனாவுக்கு நெஞ்சுவலி அதிகமாகி, தம்பி அவரைத் திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். தகவல் கிடைத்து நானும் வந்து சேர்ந்தேன். உடனே இருதய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தம்பி ஒரு கவுண்டரில் அவன் அட்டையைக் கொடுத்திருந்தான். அது தெரியாமல் நான் அடுத்த கவுண்டரில் என் அட்டையைக் கொடுத்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு அரசுக் காப்பீடு பதிவானதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைத்து, ஒன்றை வாபஸ் வாங்கும் வரை ஆபரேஷன் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு, என் அட்டையை வாபஸ் வாங்குகிறேன் என்று தம்பியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "ஆம்பள புள்ள நான் இருக்கச் சொல்ல, நைனா உன் சம்பளத்துல துன்றாருன்னு எழுதி வெச்சிக்கிறியே, ஊர்ல நான் எப்டிக்கா தல காட்றது?" என்று கத்தினான். "கட்டிக் குடுத்துட்டா எனக்கு நைனா இல்லாம பூடுவாராடா?" என்று நானும் கத்தி, கையிலிருந்த டிபன் கேரியரைக் கவுண்டர் மேல் வைத்தேன். வைத்த வேகத்தில் கண்ணாடி உடைந்தது. அதை உடைத்தது நான்தான், தம்பி இல்லை. தானே உடைத்ததாக அவன் சொல்லியிருந்தால் அது பொய்.

அதன் பிறகு தள்ளுவண்டியில் படுத்திருந்த நைனா, "நீங்க சண்ட போட்டுக்கினே இருங்க, நான் போய்ச் சேர்றேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளில் விட்டுக்கொடுக்கிற பிள்ளை எது என்று அவருக்குத் தெரியும். எனக்குக் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. என் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு தம்பியின் அட்டையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது நைனா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து, "அத பத்திரமா வெச்சிக்கம்மா" என்றார். காவலர்கள் வந்து கண்ணாடி விஷயமாக என்னை அழைத்துவந்தார்கள். இதைச் சொல்லும் இந்நேரம் ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. தம்பி வாசலில் தனியாக இருக்கிறான், சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

கண்ணாடிக்கு ஆவதைக் கட்டிவிடுகிறேன். நைனாவின் பெயரை என் அட்டையிலிருந்து எடுத்துவிடுவதாக மருத்துவமனைக்காரர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கு மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏட்டு வாசித்ததைக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. மேலே என் பெயரைக் கணவர் பெயரோடு எழுதியிருக்கிறார்கள், அதுவும் சரிதான். கையெழுத்தை மட்டும் என் இஷ்டப்படி போடுகிறேன்.

(ஒப்பம்)
பிரேமலதா, த/பெ பாலையா