றெக்ஷனைக் கேளுங்கோ

— உதை இறக்காதையுங்கோ தாஸ் அண்ணை! கொண்டந்த படகிலையே திருப்பி ஏத்துங்கோ!

— மேர்சி, குறிகட்டுவானிலையிருந்து கடலாலை கொண்டுவந்து, துறையிலையிருந்து தலையிலை காவி வந்தனான். வழியிலை ஒரு மனுசன் கேக்கிறார், சில்லு இருக்குதுதானே, உருட்டிக்கொண்டு வரலாமே எண்டு. நெடுந்தீவுக் கல்லு ஒழுங்கையிலை சில்லுக் கதிரை உருளுமோ? முதல் ஒரு மிடறு தண்ணி தாரும்.

— உதவி நிறுவனத்துக்கு நான் எழுதிக் கேட்டது கண்ணாலை எழுதுற கணினி. அவை அனுப்பினது சில்லுக் கதிரை. இதோடை மூண்டு! ஒண்டிலை தம்பி றெக்ஷன் இருக்கிறான். மற்றதிலை சேவல் படுக்குது. இதிலை நான் ஏறியிருந்து விசிறட்டோ?

— தாறவைக்கும் ஒரு படம் வேணுமெல்லே. பேனரைப் பிடிச்சு, மாலை போட்டு, கதிரையைக் குடுக்கிற மாதிரிப் படம். ஒரு பெடியன் கண்ணாலை எழுதுறதை எப்பிடிப் பேனரோடை படம் எடுக்கிறது?

— உங்களுக்குப் பகிடி. எனக்குப் பத்தி எரியுது.

— பொறும், தம்பி சத்தம் போடுறான். என்னவாம்?

— சேவலுக்குக் கலியாணம் பேசலாமாம். இப்ப வீட்டிலை சோடிக் கதிரை இருக்குதாம்.

— உவ்வளவையும் அந்த ஒரு 'ஆ'விலையோ சொன்னவன்?

— ஓம். என்ரை தம்பி சுருக்கமாத்தான் கதைப்பான். உங்களுக்குக் காது இல்லாட்டி நான் என்ன செய்ய?

— அதுதான் மேர்சி என்ரை பிரச்சினை. அவன் ஓம் எண்டாலும் 'ஆ', வேண்டாம் எண்டாலும் 'ஆ'.

— ஓம் எண்டா இழுப்பான். வேண்டாமெண்டா வெட்டுவான். பிறந்த நாளிலையிருந்து கேக்கிறன், எனக்குத் தெரியாதோ?

— உமக்கு மட்டும்தானே தெரியும்! மார்கழியிலை, நத்தாருக்கு முதல் நான் உம்மட்டை ஒரு விசயம் கேட்டனான். கட்டுவமோ எண்டு கேட்டனான். நீர் என்ன சொன்னனீர்?

— தம்பியைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்.

— பேந்து?

— அவன் வேண்டாமெண்டிட்டான் எண்டனான்.

— அவன் சொன்னவனோ, நீர் சொன்னீரோ?

— தாஸ் அண்ணை!

— முதல் அந்த 'அண்ணை'யை விடும். கட்டக் கேட்டவனை ஆரும் அண்ணை எண்டு கூப்பிடுவினமோ?

— வேண்டாமெண்டு சொன்ன பிறகு வேறை என்னெண்டு கூப்பிடுறது?

— உமக்கு விருப்பமில்லாட்டி நேரை சொல்லும், நான் தொழிலைப் பாத்துக்கொண்டு போறன். தம்பியைச் சாட்டாதையும். நான் ஒளிக்கேல்லை மேர்சி. இந்தக் கணினிக்கு நான் இவ்வளவு ஓடித்திரியிறதே, அவன்ரை சொல்லாலை அவன்ரை பதிலைக் கேக்கத்தான்.

— அவனுக்காக எண்டெல்லே நான் நினைச்சன்.

— அவனுக்காகவும்தான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை அந்தப் பேச்சுப் பயிற்சி மிஸ் கணினியைப் பூட்டிக் காட்டேக்கை, கண்ணாலை எழுத்தெழுத்தாப் பாத்துத் தன்ரை பேரை எழுதினவனெல்லே? அண்டைக்கு அவன் சிரிச்ச சிரிப்பைக் கண்டு நான் வெளியிலை போய் நிண்டு அழுதனான்.

— நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போறன் எண்டெல்லே போனனீங்கள்!

— பின்னை? பெரிய மீசையை வைச்சுக்கொண்டு, அழப்போறன் எண்டு சொல்லிப்போட்டோ போறது?

— அது சரி. ஆனா ஏழு லட்சம், தாஸ் அண்ணை. நான் சட்டை தைச்சு ஏழு லட்சம் சேக்கிறதுக்கிடையிலை அவனுக்கு நரைச்சுப்போம். பிரான்சிலை இருக்கிற ஊர்ச் சங்கத்தை நம்பினன். அவையும் கையை விரிச்சிட்டினம்.

— ஏன், வீடியோ அனுப்பினனீரெல்லே?

— அனுப்பினனான். பாக்கிற சனத்துக்கு மனம் இளகவேணும், சோகமா எடுத்து அனுப்புங்கோ எண்டவை. உவனெண்டா போனைக் கண்ட உடனை பல்லைக் காட்டுறான். அழுகிற மாதிரி இரடா எண்டன், இன்னும் சிரிக்கிறான். கடைசியிலை எனக்கும் சிரிப்பு அடக்க ஏலாமல், ரெண்டு பேரும் சிரிச்சபடிதான் வீடியோ போனது.

— பதில்?

— "உங்கள் குடும்பம் மகிழ்ச்சியாக இருப்பதையிட்டு மகிழ்ச்சியடைகிறோம். உதவி தேவைப்படும் வேறு குடும்பங்கள் உள்ளன."

— அட கோதாரி! சிரிக்கிற ஆளுக்குக் கதைக்கத் தேவையில்லையோ? சரி, விடும். உந்தச் சேவலைத் தாரும்.

— கறிக்கோ?

— விசரே உமக்கு! பெருநாள் வருதெல்லே. கோயில் முத்தத்திலை நேத்திக்கடனுக்கு வாற தேங்காய், ஆடு, கோழியெல்லாத்தையும் நான்தானே ஏலம் கூறுறனான். போன முறை ஒரு பூசணிக்காய் முப்பதாயிரத்துக்குப் போனது. நான் பங்குச் சுவாமியோடை கதைச்சிட்டன். ஒரு பொருளின்ரை காசை றெக்ஷனுக்கு எடுக்கலாமாம்.

— சேவலுக்கு ஏழு லட்சம் ஆர் குடுப்பினம்?

— சேவலுக்குக் குடுக்காயினம். மற்றவன் வாங்கப்படாது எண்டதுக்குக் குடுப்பினம். உம்மடை வளவுக்கு அங்காலை இருக்கிற ரெண்டு காணியும் ஆற்றை?

— ஒண்டு யாகப்பு அண்ணையின்ரை, மற்றது கிறிஸ்ரி அண்ணையின்ரை. அவர் பிரான்ஸ், இவர் கனடா. ஒண்டுவிட்ட சகோதரங்கள், வேலிச் சண்டையிலை கதை பேச்சில்லை. மாதாவே! தாஸ் அண்ணை, அவையையோ சொல்லுறியள்?

— ஆளில்லாக் காணிக்கு எல்லைச் சண்டை பிடிக்கிறவைக்கு ஒரு சேவல் பெரிசோ? பெருநாளண்டைக்கு ரெண்டு பேரையும் போனிலை எடும். மிச்சத்தை நான் பாக்கிறன். தம்பி தன்ரை சேவலைத் தருவானோ கேளும்.

— அவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறானே. ஆ, சொல்லுறான். எடுக்கட்டாம். ஆனா தின்னிற ஆக்களுக்கு விக்கப்படாதாம்.

*

— ஐம்பதாயிரம்! ஊர்ச் சனமே கேளுங்கோ, ஐம்பதாயிரம்! தரையிலை படுத்தறியாத சேவல்! கதிரையிலை வளந்த கனவான்! ஒரு தரம்... மேர்சி, வலப்பக்கக் காதிலை ஆர்?

— வலப்பக்கம் பிரான்ஸ். இடப்பக்கம் கனடா. யாகப்பு அண்ணை அறுபதாம்.

— அறுபது! கனடா நித்திரையோ?

— இல்லை, முழிச்சுத்தான் இருக்கிறார். கிறிஸ்ரி அண்ணை ஒரு லட்சமாம்! உந்தச் சேவல் தின்ன புழுவெல்லாம் தன்ரை காணிப் புழுவாம்.

— லட்சம்! பிரான்ஸ் என்ன சொல்லுது?

— அது... சொல்ல ஏலாது.

— ஏலக்காரனுக்கு ஒளிக்கப்படாது. சொன்னதைச் சொன்னபடி சொல்லும்.

— கோயில் முத்தத்திலை நிண்டுகொண்டு உந்தக் கதையைச் சொன்னா எனக்கு மோட்சமில்லை. காசை மட்டும் சொல்லுறன். ரெண்டு லட்சம்.

— ரெண்டு! சேவலைப் பாருங்கோ, கழுத்தை நிமித்துது! தன்ரை விலை தனக்கே தெரிஞ்சிட்டுது!

— கனடா மூண்டு. பிரான்ஸ் நாலு. ஐயோ, ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை கத்துகினம். கனடா அஞ்சு!

— அஞ்சு லட்சம்! சுவாமி வெளியிலை வாறார் பாருங்கோ! அஞ்சு ஒரு தரம்!

— பிரான்சிலை சத்தத்தைக் காணேல்லை. அலோ... அலோ... யாகப்பு அண்ணை? போனை அவற்றை மனுசி பறிச்சிட்டா.

— போச்சுதடா!

— பொறுங்கோ, அவ கதைக்கிறா. ஏழு லட்சமாம்! வேலிக் கேசுக்கு அப்புக்காத்துமாருக்கு அழிச்ச காசைப் பாக்க, இதொண்டுதான் உருப்படியான காசாம்.

— ஏழு லட்சம்! ஏழு லட்சம் ஒரு தரம்! ரெண்டு தரம்! கிறிஸ்ரி அண்ணையைக் கேளும், விடுறாரோ?

— அவர் அழுகிறார்.

— தோக்கப்போறதுக்கோ?

— இல்லை. றெக்ஷனைக் காட்டு எண்டவர், காட்டினனான். தான் தோளிலை காவிக்கொண்டு திரிஞ்ச குழந்தையாம். இவ்வளவு பெரிய ஆம்பிளையா வந்திட்டானோ எண்டு அழுகிறார். சேவல் யாகப்புவுக்கே போகட்டாம். இஞ்சை கரண்ட் நிண்டா கணினிக்கு என்ன செய்வியள், சோலர் தகடும் பற்றரியும் தன்ரை பொறுப்பாம்!

— மூண்டு தரம்! அடியடா மணியை!

— தாஸ் அண்ணை, ரெண்டு போனையும் பிடியுங்கோ.

— அழாதையும். ஊர் முழுக்கச் சிரிக்குது, நீர் அழுகிறீர்.

— நானும் சிரிச்சுக்கொண்டுதான் அழுகிறன். சேவலை என்னெண்டு பிரான்சுக்கு அனுப்புறது எண்டு கேட்டனான். யாகப்பு அண்ணை, தான் ஊருக்கு வருமட்டும் அந்தக் கதிரையிலையே இருக்கட்டாம்.

*

— கணினியை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்கோ. கண்ணுக்கு நேரை. ஆ, அதுதான்.

— மிஸ் பூட்டிக் காட்டின மாதிரித்தான் வைச்சிருக்கிறன் மேர்சி. எழுத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா அது விழும். கீழை அந்தப் பச்சைக் கட்டத்தைப் பாத்தா எழுதினதை வாசிக்கும். றெக்ஷன், விளங்கினதோடா? விரும்பின நேரம் பச்சையைப் பார்.

— எழுதுறான்! 'தே' விழுந்திட்டுது. 'தேத்'... நீங்கள் மறைக்காதையுங்கோ தாஸ் அண்ணை!

— "தேத்தண்ணிக்கு ஏன் இவ்வளவு சீனி?"

— மாதாவே! என்ரை மாதாவே! கதைச்சிட்டான்! கேட்டனீங்களோ? என்ரை தம்பி கதைச்சிட்டான்!

— கேட்டன், கேட்டன். நெடுந்தீவுப் பெடியன், சென்னையிலை செய்தி வாசிக்கிறவற்றை குரலிலை கதைக்கிறான்!

— ஆற்றை குரலெண்டா எனக்கென்ன, சொல்லு அவன்ரையெல்லே. ஆனா ராசா, சீனி கூடவோடா? நீ கூடப் போடு எண்டு சொல்லுறாய் எண்டு நினைச்செல்லே அம்மா செத்துப்போன நாள் தொட்டு அள்ளிப் போட்டனான்!

— பாத்தீரோ? பாத்தீரோ மேர்சி? பிழையா விளங்கியிருக்கிறீர்! சீனி பிழையெண்டா மற்றதும் பிழையா இருக்கலாமெல்லே?

— துடங்கிட்டார்.

— இல்லை, இண்டைக்கு விடமாட்டன். உம்மைக் கேக்கேல்லை, அவனைக் கேக்கிறன். றெக்ஷன், தம்பி, இஞ்சை பார். நத்தாருக்கு முதல் நான் அக்காவைக் கட்டக் கேட்டனான். நீ வேண்டாமெண்டதா அக்கா சொன்னவ. அது மெய்யோ? ஆறுதலா, அவசரப்படாமல் எழுது. நான் நிக்கிறன்.

— நான் குசினிக்குப் போறன்.

— நில்லும், பயந்தாங்கொள்ளி.

— எனக்கென்ன பயம்? அடுப்பிலை சோறு கிடக்கு.

— "அக்கா பொய்"

— கேட்டீரோ! பொய்யாம்! அக்கா பொய்யாம்! ஊரைக் கூப்பிடட்டோ?

— கொஞ்சம் பொறுங்கோ, துள்ளாதையுங்கோ! அவன் இன்னும் முடிக்கேல்லை. உங்களைத் துள்ளவைக்கத்தான் நடுவிலை பச்சையைப் பாத்தவன், குரங்கு. சிரிக்கிறான் பாருங்கோ.

— "சொல்லமாட்டா. நான்தான் வேண்டாமெண்டனான்."

— ஓ.

— தாஸ் அண்ணை...

— அப்ப நீர் சொன்னது சொன்னபடிதான்.

— அவன் சொன்னதைத்தான் நான் எண்டைக்கும் சொல்லுறனான். சீனியிலை பிழைவிட்டிருப்பன். தெரிஞ்சுகொண்டு மாத்திச் சொன்னதில்லை, எனக்கு விருப்பமில்லாததையும்.

— விருப்பமில்லாததையுமோ?

— ஓம். அண்டைக்கு உங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லி அனுப்பிப்போட்டு, தையல் மெசினிலை இருந்து மிதிச்சு மிதிச்சு அழுதனான். துணியே வைக்கேல்லை, சும்மா மிதிச்சனான்.

— மேர்சி... என்னை மன்னிக்கவேணும். நான் உம்மிலை சந்தேகப்பட்டிட்டன். சீ, என்ன மனுசன் நான்! சரி. அவன் வேண்டாமெண்டா வேண்டாம்தான். சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு. றெக்ஷன், நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. கணினி உன்ரை. அதைக் காட்டி நான் உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டன். சோலர் தகட்டை நாளைக்கு வந்து கூரையிலை பூட்டித்தாறன். நான் வாறன் மேர்சி.

— நில்லுங்கோ தாஸ்.

— என்ன, அண்ணையைக் காணேல்லை?

— வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. அவன் எழுதுறான்.

— நீளமா எழுதுறான். நெத்தி வேர்க்குது, துடைச்சுவிடும்.

— இப்ப துடைக்க ஏலாது, கண் விலகிப்போம். கொஞ்சம் பேசாமல் இருங்கோ. எனக்கே தெரியாது என்ன எழுதுறான் எண்டு. முதல் தரமா எனக்குத் தெரியாது, தாஸ்.

— "அப்ப எனக்கு வாய் அக்கா மட்டும்தான். என்ரை வாயைக் கூட்டிக்கொண்டு போயிடுவியள் எண்டு பயந்தனான். இப்ப எனக்கெண்டு ஒரு வாய் இருக்கு. எப்ப வீட்டோடை வாறியள், அத்தான்?"