மாடியிலேயே நிற்கும் காஜா மிஷின்

தையல் குழுவைத் தாங்கி நிற்கும் தலைவி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே, மடியில் மழலையும் மனத்தில் கவலையும் சுமந்து மாடியேறி வந்த தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பள்ளியைப் பாதியில் விட்டவள் நான். ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக் கணக்கு எழுதியே எழுத்துக் கற்றவள். கணக்கில் ஒரு வரி இடித்தால் அன்றே தேடுவேன். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் அது அகப்படுமா?

இந்தக் காலாண்டுக்கு நாம் எடுத்த இலக்கு என்ன? காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட, சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கும் நம் காஜா அக்காவால் படியேற முடியவில்லை. அவர் மிஷினைக் கீழ் அறைக்கு இறக்குவோம் என்றோம். கைதட்டினோமா இல்லையா? தட்டினோம்! கீழ் அறைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் வாங்குவது தலைவியின் பொறுப்பு. மின் இணைப்பு கட்டிங் மாஸ்டரின் பொறுப்பு. வாராவாரம் கேட்பது என் பொறுப்பு.

கேட்டேன். "என்ன அண்ணி, சாமி கும்பிடுற வாயால போலீஸ் மாதிரி கேக்கறீங்க!" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தோம். மறுவாரமே இலக்குப் பேச்சு கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டது. சுவருக்குச் சாயம் பேசினோம், சன்னலுக்குத் திரை பேசினோம். கடைசிக்கு வருவதற்குள் பள்ளி விட்டுவிடும், பிள்ளைகளை அழைக்க எழுந்துவிடுவோம். "நேரமாச்சு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்!" வாரம் வந்தது, வாக்கு வந்தது, சாவி வந்ததா? மிஷின் இறங்கியதா?

என்னம்மா, அதற்குள் பையைத் தூக்கிவிட்டாய்? உட்கார். இன்றும் என்னைக் கடைசியாகத்தான் பேச அழைத்திருக்கிறார்கள்.

நேற்று அக்கா கேட்டார்: "ஏன்டி, நான் வேற வேலை தேடிக்கவா? சும்மா சொல்லு, கோச்சுக்க மாட்டேன்."

மாஸ்டர் சொல்லிச் சிரித்த அன்றைக்குப் பிறகு நானும் அழுத்திக் கேட்கவில்லை. ஒருவர் மனம் நோகுமே என்று ஒருவரையொருவர் கேட்காமல் இருந்தோம். அந்த நல்ல மனமெல்லாம் சேர்ந்து ஒருத்தியின் பிழைப்பை அல்லவா பறித்தது! நாளை புதுக் காலாண்டு. புது இலக்கு வாசிப்போம், மறுபடி தட்டுவோம். எனக்கு நம்பிக்கை இல்லை, தாய்மார்களே. கும்பிடும் இந்தக் கைகளைப் பிரித்துப் பாரம் தூக்க வை என்று ஆண்டவனிடம் கேட்கிறேன். அவனும் அடுத்த வாரம் என்பானோ என்று பயமாயிருக்கிறது.

படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி வழியே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா... முதல் வணக்கம் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் உங்களைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்களுக்கு வணக்கம்.