‘போதும் தம்பி, இறக்குங்கோ’ என்றவருக்கு

வோபர்ன் தொழிலாளர் உடல்திறன் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி பேர்ணடெற் அருள்நாயகம் அவர்களுக்குச் சக பணியாளர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

மன்னார் மண் தந்த மாண்பே! நொந்த முதுகுகளின் நோவறிந்த நுண்மதியே! பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டு முகத்தைப் படிக்கும் பெருந்தகையே! எங்கள் அன்புக்கும், அதைவிடச் சற்றே கூடிய அச்சத்துக்கும் உரிய பேர்ணடெற் அக்காவே! வணக்கம்.

இடுப்பு நோவோடும் தோள்மூட்டு நோவோடும் வாடி வரும் தொழிலாளி எவ்வளவு பாரத்தைப் பத்திரமாகத் தூக்கலாம் என்று அளந்து சொல்வது உங்கள் பணி. நிலத்திலிருந்து இடுப்புவரை, இடுப்பிலிருந்து தோள்வரை, பெட்டிக்குள் பாரத்தைச் சிறிது சிறிதாய்க் கூட்டி, மூச்சையும் நாடியையும் கால் ஊன்றும் விதத்தையும் கவனித்து, ஈற்றில் நீங்கள் எழுதும் அளவை வைத்தே அவர் பழைய வேலைக்குத் திரும்பலாமா என்பது தீர்மானமாகும். அதை எழுதுமுன் நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள். அந்த நேரத்தில் உங்களோடு பேசும் துணிவு எங்களில் எவருக்கும் வந்ததில்லை.

நம்மவரைச் சோதிப்பது இலேசுப்பட்ட காரியமா? நோவு பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று கேட்டால், “உங்களுக்கு எவ்வளவு வேணும் பிள்ளை, அதைப் போடுங்கோ” என்று சொன்ன அன்ரியை நாங்கள் எப்படி மறப்போம்! சோதிப்பவரின் மனம் கோணக் கூடாதென்று பல்லைக் கடித்துத் தூக்கிவிட்டு, “பரவாயில்லை” என்று சிரிப்பார்கள். அந்தப் பரவாயில்லையை நம்பி எழுதினால், பத்தே நாளில் அந்த மனிதர் படுக்கையில் கிடப்பார். ஆகவே நீங்கள் நோவைப் பற்றிக் கேட்பதையே பின்னுக்குத் தள்ளினீர்கள். வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள்.

திரு. பத்மநாதனின் கதையை அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறோம். பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு கெட்டு வந்தவர். பழைய பாரத்தைத் தூக்க முடியாதென்று எழுதினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. வைத்த பாரம் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு தூக்கினார். நீங்கள் மட்டும் அவர் மூச்சை அடக்குவதையும், வலது காலில் பாரம் விடாமல் நிற்பதையும் கண்டு, “போதும் தம்பி, இறக்குங்கோ” என்றீர்கள்.

“இன்னும் ஒண்டு போடுங்கோ அக்கா, நான் தூக்குவன்.”

“தூக்குவியள் எண்டு எனக்குத் தெரியும். நாளைக்குக் கட்டிலால எழும்புவியளோ? சரி, வீட்டில அரிசி மூட்டையைக் காரால ஆர் இறக்கிறது?”

 அவர் தலையைக் குனிந்துகொண்டு, “என்ரை மனிசி” என்றார்.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்தீர்கள். பழைய பாரத்தில் பாதிதான் எழுதினீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பாராமலே எழுந்து போனார். அன்று மதியம் நீங்கள் சாப்பிடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அக்கா. பின்னேரமே அவருடைய மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்து, இந்த அளவுக்குள் அவர் செய்யக்கூடிய வேலை அங்கே என்ன இருக்கிறது என்று விடாமல் கேட்டீர்கள். ஒரு கிழமையாக அந்த மேற்பார்வையாளரை ஆய்க்கினைப்படுத்தி, பொதிகளைச் சரிபார்க்கும் மேசையில் பத்மநாதனுக்கு ஓர் இடம் எடுத்துக் கொடுத்தபின்தான் ஓய்ந்தீர்கள். இன்றும் அவர் அங்கேதான் வேலை செய்கிறார்.

கண்டிப்பில் கல்லும் கனிவில் கற்கண்டும் ஆனவரே! அச்சுத்தாள் பெட்டியைக் குனிந்து தூக்கியதற்காக உங்களிடம் ஏச்சு வாங்காத ஒருவரும் இந்த மண்டபத்தில் இல்லை. “முழங்காலை மடியுங்கோ, முதுகை விடுங்கோ” என்று இனிமேல் நாங்களே ஒருவரையொருவர் ஏச வேண்டியதுதான். நிமிர்ந்த முதுகும் நோவறியா முழங்காலுமாய் யூனியன்வில் வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் நெடுங்காலம் நிறைவோடு உலாவ வேண்டும். பனி தள்ளும் வேலையை மட்டும் தயவுசெய்து மகனிடம் விட்டுவிடுங்கள்.

இறுதியாக, மடலை அச்சிட்ட பிறகு சேர்த்த ஒன்று. இம்மடலைத் தானே உங்கள் கையில் தர வேண்டும் என்று பத்மநாதன் கேட்டுக்கொண்டார். எங்களோடு வேலை செய்யும் றூபனோ ஆசை மிகுதியால் இதற்குக் கதவளவு மரச்சட்டமும் தடித்த கண்ணாடியும் போடச் சொல்லிவிட்டான். உங்கள் தராசிலேயே அதை வைத்துப் பார்த்தோம். அவருக்கு நீங்கள் எழுதிய அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆனாலும் மனம் கேளாமல், “பாரமா அண்ணை?” என்று கேட்டோம். வழமையான பரவாயில்லைதான் வரப்போகிறது என்று நினைத்தோம்.

“ஓம், பாரம்தான்” என்றார். “மற்றப் பக்கத்தை அக்காவைப் பிடிக்கச் சொல்லுங்கோ.”

இதோ, அவர் மேடைக்கு வருகிறார். வந்து பிடியுங்கள், அக்கா.

உங்கள் ஏச்சுக்கும் அன்புக்கும் என்றும் கடமைப்பட்ட,
வோபர்ன் நிலையப் பணியாளர்கள்
ரொறன்ரோ