முதுகுக் கொக்கி

எனக்கு உயரம் என்றால் பயம். நாற்காலியில் ஏறி பல்பு மாற்றச் சொன்னாலே கால் தந்தியடிக்கும். வீட்டில் அந்த மாதிரி வேலையெல்லாம் என் மனைவிதான் செய்வாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சார். சிலருக்குப் பல்லியைக் கண்டால் பயம், சிலருக்கு மாமியாரைக் கண்டால் பயம்.

ஆனால் என் பிழைப்பே குதிப்பதில்தான் ஓடுகிறது. படத்துக்குப் படம் மாடி விட்டு மாடி தாவுவேன், ஓடுகிற ரயிலின் கூரையில் சண்டை போடுவேன். எந்தப் பேட்டியிலும் ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதில்லை: "நான் டூப் போடுவதில்லை." எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த ஒரு வரிக்காகத்தான். அது பொய் என்று வெளியே தெரிந்தால் மறுநாளே என்னை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள்.

குதித்ததெல்லாம் என் தம்பி. அதே உயரம், அதே தோள். முதுகைப் பார்த்தால் பெற்ற தாயே குழம்பிப் போவாள். தரையில் நின்று கேமராவை முறைப்பது நான், மேலேயிருந்து விழுவது அவன். அவனுக்கு நான் எந்தக் குறையும் வைத்ததில்லை. என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன், முட்டி போனபோது நல்ல டாக்டரிடம் காட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குதிப்பவன் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டியிருப்பான். அதன் முதுகுப் பக்கம் ஓர் இரும்பு வளையம். கோட்டின் பின்னால் இருக்கும் பிளவு வழியாகக் கையை விட்டு, அவனைத் தாங்கும் ஒயரின் கொக்கியை அந்த வளையத்தில் மாட்ட வேண்டும். குதிப்பவனால் அதைப் பார்க்க முடியாது. முதல் படத்தில் ஆள் பற்றாமல் நான் மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து அண்ணன் கை பட்டால்தான் குதிப்பேன் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். அதற்காக மட்டும் நான் மொட்டை மாடிக்கு ஏறுவேன். சுவரோரம் போகமாட்டேன், தண்ணீர்த் தொட்டியை ஒட்டியே நின்றுகொள்வேன். நான் மாட்டிய கொக்கியை ஸ்டண்ட் மாஸ்டர் மறுபடி தொட்டுப் பார்ப்பதில்லை. தொட்டால் அது என்னைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும். யூனிட்டில் அப்படி ஒரு மரியாதை எனக்கு.

அந்த மாஸ்டரைத்தான் கவனக்குறைவு என்று உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். பிள்ளைகுட்டிக்காரர்.

கோபம் எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள். என் மகன் பள்ளிக்கூடத்தில். அப்பா செய்யும் வேலையைப் பற்றிப் பேச வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்குப் படப்பிடிப்பு இல்லை, வீட்டில்தான் முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு இருந்தேன். மகன் என் தம்பியைக் கூட்டிப் போயிருக்கிறான். பிறகொரு நாள் அவனை அழைத்துவரப் போனபோது டீச்சர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"உங்க தம்பி ரொம்ப நல்லா பேசினார் சார். மாடியிலேர்ந்து குதிக்கறதை அவர் சொல்லச் சொல்ல பசங்க வாயைப் பொளந்துட்டு கேட்டாங்க."

காரில் வரும்போது மகனைக் கேட்டேன், ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்? மொட்டை மாடிக்குப் போனாலே உங்களுக்குத் தலை சுத்துமே. சித்தப்பாதானே எல்லாம்."

நான் அவனைத் திட்டவில்லை. சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் கிளம்பினேன். ஆனால் உள்ளே பற்றி எரிந்தது, சார். என் வீட்டில் இருந்துகொண்டு, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, என் பிள்ளையின் கண் முன்னாலேயே தம்பி என்னை ஒன்றுமில்லாதவனாக ஆக்கிவிட்டான். ஒரு வகுப்பு முழுக்க என் குட்டை உடைத்துவிட்டு, மாலையில் வந்து "காபி இருக்கா அண்ணி" என்று கேட்டிருக்கிறான். அந்த நிதானத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி கடைசியாகக் குதித்த அந்த ஷாட்டில் கேமரா மேலேயிருந்து தரையைப் பார்த்தது. அதனால் கீழே மெத்தை கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது. ஒயர் மட்டும்தான். நான் படியேறினேன். தம்பி என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். பிளவுக்குள் கையை விட்டேன். இரும்பு வளையம் விரலில் தட்டுப்பட்டது. அதற்கு மேலே, ஷாட் இல்லாத நேரத்தில் கொக்கி தொங்காமல் இருக்க டெய்லர் தைத்த துணி வளையம் ஒன்று இருந்தது. கொக்கியை அதில் மாட்டினேன். கை தவறிவிட்டது என்று எல்லோரும் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். என் கை தவறவில்லை. இழுத்துக்கூடப் பார்த்தேன். ஓர் இழுப்புக்குத் துணியும் தாங்கும்.

அப்போது அவன் திரும்பாமலே பேசினான்.

"ஏண்ணா, ஸ்கூலுக்குப் போனதுல கோபமா? முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறே."

மற்றொரு கையால் அவன் காலரைச் சரிசெய்தேன்.

"நான் எதையும் உளறலைண்ணா. குதிக்கறது எல்லாம் எங்க அண்ணன்தான், நான் பின்னால நின்னு கொக்கி மாட்டிவிடற ஆளுன்னுதான் சொன்னேன். உன் பையன்கிட்டயும் வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

என் கை இன்னும் கோட்டுக்குள்தான் இருந்தது. கழற்றி இரண்டு விரற்கடை கீழே மாட்ட எவ்வளவு நேரமாகும்? அதைக் கேட்டதும் என் கோபம் அடங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். அடங்கவில்லை. இன்னும் ஏறியது. என் பெயரை அவன் எடுத்துக்கொண்டிருந்தால் சண்டை போட்டுப் பிடுங்கியிருப்பேன். அவன் அதை எனக்கே பிச்சை போட்டிருந்தான், அதுவும் என் பிள்ளைக்குத் தெரிய.

மாஸ்டர் மைக்கில் கேட்டார், "அண்ணன் மாட்டியாச்சா?"

தம்பி என் பதிலுக்காகக் காத்து நின்றான். நான் கையை வெளியே எடுத்து, கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டு, "ஆச்சு" என்றேன்.