அந்தமானுக்கு எந்த மாசம் நல்லது?

நாகலூரிலிருந்து ஏற்காடு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரும் அவர் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் கனமான புத்தகம் ஒன்று இருந்ததால், ஒட்டுக்கேட்பது யாருக்கும் தெரியவில்லை.

"ஏனுங்க, அந்தமானுக்கு எப்பங்க சீசன்?" என்றார் மனைவி, மாம்பழத்தை விசாரிப்பது போல.

"மார்கழி, தை. கடல் கண்ணாடியாட்ட இருக்குமாம்."

"அப்பத்தான் உங்களுக்குக் காப்பிப் பழம் பறிப்பு. மாசியில?"

"காப்பி பூக்கறதுக்குப் பூ மழைய எதிர்பாத்துக் காத்துக் கெடக்கோணுமே."

"சித்திரையில?"

"அங்க வெயிலு தாங்காது. வைகாசியில நம்ம சேர்வராயன் திருவிழா."

"அப்ப ஆடியிலதானுங்க போகோணும். எஸ்டேட்டுல வேலை கம்மி."

"ஆடியில கடல் நொம்பக் கொந்தளிக்கும். கப்பல்ல குடலே வெளிய வந்துரும். வர்ற மார்கழிக்கு எப்படியாச்சும் லீவு கேட்டுட்டு மூணு பேரும் போயிரலாம்."

"நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்கப்பா," என்றாள் ஜன்னலோரம் இருந்த மகள். "ஆவணியில எனக்குக் கண்ணாலம். மார்கழியில நான் அவிய ஊட்டுல இருப்பேன்."

ரைட்டர் வெளியே காப்பிச் செடிகளைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"ஆடியிலயே போலாஞ் சாமி. மூணு பேரும் ஒண்ணாக் குந்தி வாந்தி எடுக்கலாம்."