செவ்வாய்க்கிழமை மேகம்

அக்கா: டேய், குரூப்புல அத்தான் போட்ட படத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதினியா நீ?

தம்பி: பார்க்காம யாராவது... சரி, பார்க்கலை. இன்னிக்கு செவ்வாய், என் முறை. பஸ்ல நின்னுக்கிட்டே போட்டுட்டேன். வீட்டுக்குள்ள காலை வச்சதும் ஆரம்பிக்காதேக்கா.

அக்கா: என்ன போட்டே? வாயால சொல்லு.

தம்பி: "அத்தான், வானமே தீப்பிடிச்ச மாதிரி இருக்கு, அசத்திட்டீங்க!"

அக்கா: இப்ப படத்தைப் பெருசாக்கிப் பாரு.

தம்பி: ம்... நல்லாத்தானே இருக்கு. நடுவுல செம்பு நிறம், ஓரமெல்லாம் கருமேகம்... மேகத்துல எதுக்கு ரெண்டு ஸ்குரூ?

அக்கா: அது வாஷிங் மெஷின் மோட்டார்டா! அத்தான் கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. கருகிப்போன காயில்!

தம்பி: ஐயையோ!

அக்கா: நானும் பார்த்திருக்க மாட்டேன். போனைத் துடைக்கறப்ப கை பட்டு படம் பெருசாயிடுச்சு. நீ போட்டதைப் பார்த்துட்டு சித்தி வேற, "இயற்கைக்கு நிகர் ஏது"ன்னு கைகூப்பி இருக்காங்க.

தம்பி: சித்திக்கு புதன்தானே?

அக்கா: ஆர்வக்கோளாறு! அவர் மாடியிலேருந்து இறங்கறதுக்குள்ள அழிச்சுத் தொலை.

தம்பி: அழிச்சா அழிச்சதுன்னு காட்டும். எனக்கு நல்லா வேணும். எட்டு வருஷமா சிவப்பு, இளஞ்சிவப்பு, செக்கச்செவேல்... வார்த்தையே தீர்ந்துபோச்சுக்கா. போன வாரம் "மேகம் ஆரோக்கியமா இருக்கு"ன்னு எழுதினேன்.

அக்கா: அதுக்கும் நன்றின்னு போட்டாரே மனுஷன்.

தம்பி: பேசாம உண்மையைச் சொல்லிடலாம். யாருக்கும் மேகத்தைப் பார்க்க நேரமில்லைன்னு...

அக்கா: சொல்லித்தான் பாரேன்! அவர் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தப்ப டாக்டர் என்ன சொன்னார்? தினம் படி ஏறணும்னு. நான் நடங்கன்னு சொன்னா முறைப்பார். ஒரு நாள் தண்ணித் தொட்டியில அடைப்பு எடுக்க மொட்டை மாடிக்குப் போனவர், சும்மா ஒரு மேகத்தை எடுத்து அனுப்பினார். நீ சூப்பர்னு போட்டே. மறுநாள் தானா ஏறினார்! ஏழு மாடி! பாராட்டு நின்னா சோபாவை விட்டு எழுந்திருப்பாரா?

தம்பி: அதெல்லாம் சரி. எட்டு வருஷமா ஏறியும் அந்தத் தொப்பை மட்டும்...

அக்கா: அதைக் கேட்காதே. டாக்டரே மண்டையைப் பிச்சுக்கறார். போன மாசம் மாத்திரையை ரெண்டாக்கிட்டார். நல்லதைப் பேசு. அவர் இல்லாம நாம தனியா வச்சிருக்கற அந்த முறை குரூப்புல எல்லாரையும் உஷார் பண்ணு.

தம்பி: பேசிக்கிட்டே பண்ணிட்டேன். "இன்னிக்குப் படம் மேகம் இல்லை, மோட்டார். யாரும் புகழ வேண்டாம். நாளைக்கு சித்தி முறை, பார்த்துப் போடவும்."

அக்கா: சமர்த்து. ஆனா எனக்கு எதுவும் வரலையே... இரு, குடும்ப குரூப்புல வந்திருக்கு. இதுல... அவரும் இருக்காரேடா!

தம்பி: அக்கா...

அக்கா: அழி! அழி! செருப்புச் சத்தம் கேட்குது!

அத்தான்: அப்பப்பா... ஏழு மாடி... உயிர் போகுது. மாப்ளே, எப்ப வந்தே?

தம்பி: இப்பதான் அத்தான். கிளம்பிட்டேன்.

அத்தான்: உட்காரு. என் படத்துல உனக்கு எந்த இடம் பிடிச்சது?

தம்பி: அந்த... ஓரத்துல முறுக்கிக்கிட்டுப் போகுதே...

அத்தான்: அது கம்பி.

தம்பி: அதான், கம்பி மாதிரி ஒரு மேகம்...

அத்தான்: கம்பி மாதிரி ஒரு கம்பி.

அக்கா: அவனுக்குக் கண்ணு சரியில்லைங்க. டாக்டர் கண்ணாடி மாத்தச் சொல்லியிருக்கார்.

அத்தான்: நம்ம பெரியவளுக்குமா? "ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுங்கப்பா"ன்னு போட்டிருக்கா. கருகின காயிலை ஹால்ல மாட்டவா?

அக்கா: அவளுக்கு வேலை அவசரம்...

அத்தான்: "நாளைக்கு சித்தி முறை." இது என்ன முறை, மாப்ளே?

தம்பி: அக்கா, நீயே சொல்லிடு. எனக்கு வேர்க்குது.

அக்கா: சொல்றேன். திங்கள் பெரியவ, நேத்து விட்டதை இன்னிக்குப் போட்டிருக்கா, செவ்வாய் இவன், புதன் சித்தி... ஞாயித்துக்கிழமை எல்லாரும். ஒரே வார்த்தையை வாரத்துல ரெண்டு தடவை போடக் கூடாது. நான்தான் பட்டியல் போட்டேன்.

அத்தான்: அப்ப... என் மேகத்தை ஒருத்தரும் பார்க்கலை.

அக்கா: முதல் ரெண்டு வருஷம் நிஜமா பார்த்தோங்க. மழைக்கு முன்னாடி ஊதாவா ஒண்ணு எடுத்தீங்களே, அதை இன்னும் என் போன்ல வச்சிருக்கேன்.

தம்பி: எனக்கும் அந்த ஊதா பிடிச்சது, அத்தான்.

அத்தான்: நீ சும்மா இரு.

அக்கா: திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. நீங்க படி ஏறணும்னுதான் செஞ்சேன். அன்னிக்கு நீங்க கட்டில்ல கண்ணைத் திறக்காம கிடந்தப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோவத்துல ஏறறதை மட்டும் நிறுத்திடாதீங்க.

அத்தான்: நான் எங்கே கோவப்பட்டேன்...

தம்பி: ஏன் அத்தான் முழிக்கறீங்க?

அத்தான்: மாப்ளே, அந்தக் கதவைச் சாத்து.

அக்கா: எதுக்குங்க?

அத்தான்: ரெண்டாவது மாடி டெய்லருக்குக் கேட்டுடப் போகுது... சரி, சாத்த வேண்டாம். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அக்கா: டெய்லருக்கு என்ன தெரியும்?

தம்பி: இருங்க, இருங்க. கடையில எடுத்த மோட்டார் படம், மாடியில எடுத்த மேகத்துக்குப் பதிலா எப்படி அத்தான் வந்தது?

அத்தான்: பழசுல தேடறப்ப கை வழுக்கிடுச்சு.

அக்கா: பழசுலயா? மாடிக்குப் போயி புதுசா எடுக்கத்தானே...

அத்தான்: மாடிக்குப் போயி அஞ்சு வருஷமாச்சு. எனக்கு மேகமே சலிச்சுப்போச்சு, பட்டும்மா. நீங்க எல்லாரும் இப்படி உருகி உருகி எழுதறீங்களே, நிறுத்தினா ஏங்கிப் போயிடுவீங்களேன்னு பழைய படத்தையே மாத்தி மாத்தி அனுப்பிட்டு, டெய்லர் வீட்டுல கேரம் ஆடிட்டு இருந்தேன்... அவர் வீட்டுல கிரீம் பிஸ்கட் வேற கொடுப்பாங்க.