சிஸ்டர் ஆரோக்கியமேரி கேட்காத பொன்னாடை

அன்பின் உருவே! அயராத உழைப்பின் மறுபெயரே! பழவேற்காட்டு மீனவப் பெண்டிரும் கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர் குடும்பத்தாரும் "சிஸ்டரம்மா" என்று உரிமையோடு அழைத்த தாயே! தலைமைச் செவிலியர் திருமதி ஆரோக்கியமேரி அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களைப் பாராட்டச் சொன்னார்கள்.

அவையோரே, சென்ற கோடையில் நடந்ததைக் கேளுங்கள். சுற்றிலும் ஆலைகள் அல்லும் பகலும் ஒளிவெள்ளத்தில் முழங்க, நம் அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் மட்டும் மின்சாரம் போயிற்று. பிரேமாவுக்குப் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறியது. சளி உறிஞ்சும் கருவி நின்றது. ஜெனரேட்டரில் சொட்டு டீசல் இல்லை. ரப்பர் குழாயைத் தம் வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார் எங்கள் மேரி அம்மா. அந்தக் குழந்தை அழவேயில்லை.

அத்தோடு ஓய்ந்துவிட்டாரா? மருத்துவமனையின் தேவைகளையும் செலவுகளையும் முடிவு செய்யும் நோயாளர் நலச் சங்கத்தில், மக்கள் பிரதிநிதிக்கான நாற்காலியில் கேன்டீன் ஒப்பந்ததாரரின் மைத்துனர் அமர்ந்திருந்தார். "இங்க வந்து படுக்குறவங்க உக்கார்ற சேரு சார் அது" என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பிரேமாவின் தாய் பச்சையம்மாவை அதில் அமர்த்தினார். முதல் கூட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பச்சையம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், படம் பிடித்தார்கள், டீ கொடுத்தார்கள், நன்றியுரை கூறி எழுந்துவிட்டார்கள்.

வெளியே வந்த பச்சையம்மா அந்தச் சால்வையைத் தூக்கிக் காட்டினார். "இன்னா சிஸ்டரம்மா, இந்தத் துணியவா கேட்டேன்? ஜெனரேட்டரு எப்போ ஓடும்னு கேக்கத்தான வந்தேன்! வாயத் தொறக்கறதுக்குள்ள கைதட்டிக்கினே அனுப்சிட்டாங்களே!"

அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதே கதைதான். ஜெனரேட்டர் இன்றுவரை ஓடவில்லை.

விடைபெறும் வேளையில் தாங்கள் கேட்டது ஒன்றே, தாயே: "எனக்குப் பொன்னாட வேணாம், ஏற்புரையும் வேணாம். அந்த நேரத்துல பச்சையம்மா பேசட்டும்." நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்றுவிட்டது விழாக்குழு. மன்றாடிப் பார்த்தோம், "பேஜாரு பண்ணாதீங்க" என்று கடிந்துகொண்டார்கள்.

நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள், அம்மா! உடல்நலம் குன்றினால் நம் மருத்துவமனைக்கே வாருங்கள் என்று சொல்லத்தான் எங்களுக்கு நாக்கு எழவில்லை.

இம்மடல் முடிந்ததும் தங்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். கடைசி வரிசையில் பச்சையம்மா பேசக் காத்திருக்கிறார். அவருக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கலங்கிய கண்களோடு,
பிரசவ வார்டுச் செவிலியரும் பணியாளரும்
மே 2009